போனில் டூயல் ஆப் இருக்கு... லேப்டாப்பில்? ஒரே ஆப்பை ரெண்டாக ஓட்டும் வழிகள்!

போனில் இது ரொம்பச் சாதாரணம். செட்டிங்ஸுக்குப் போய் 'டூயல் ஆப்ஸ்' அல்லது 'டூயல் மெசஞ்சர்' என்பதை ஆன் செய்தால் போதும், ரெண்டு சிம்முக்கும் ரெண்டு வாட்ஸ்அப் ஐகான் வந்து நிற்கும். அதே நினைப்போடு லேப்டாப்பில் உட்கார்ந்து, ஏற்கெனவே திறந்திருக்கும் ஆப்பின் ஐகானை இன்னொரு முறை க்ளிக் செய்தால்..? புதிதாக எதுவும் திறக்காது. பழைய விண்டோவே முன்னால் வந்து நிற்கும்.

அதனால் நாம் என்ன செய்கிறோம்? ஆபீஸ் மெயிலை லாக் அவுட் செய்து, பர்சனல் மெயிலில் லாக் இன் ஆகிறோம். மறுபடி அங்கிருந்து இங்கே. இந்த அவசரத்தில்தான் எல்லா விபத்தும் நடக்கும். கிளையன்ட்டுக்குப் போக வேண்டிய ஃபைல் காலேஜ் காலத்து ஜாலி மெயில் ஐடியிலிருந்து போய்ச் சேரும். ஃப்ரெண்ட்ஸ் குரூப்புக்கான மீம், டீம் லீடர் இருக்கிற குரூப்பில் விழும். வீட்டில் ஒரே லேப்டாப்பை அக்காவும் தம்பியும் பகிர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். யார் அக்கவுன்ட்டில் யார் இருக்கிறார்கள் என்பதே குழப்பம்தான்.

இதற்கெல்லாம் தீர்வு இருக்கிறது. பெரும்பாலும் காசு செலவில்லாமல், எதையும் டவுன்லோடு செய்யாமலே! விண்டோஸ், மேக், லினக்ஸ் என உங்கள் லேப்டாப்பில் எது இருந்தாலும் அடிப்படை ஒன்றுதான். அதைப் புரிந்துகொண்டால் எந்த ஆப்புக்கும் வழி கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் ஒரு சின்ன விளக்கம்

மூன்று விஷயங்களை நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். விண்டோ, இன்ஸ்டன்ஸ், புரொஃபைல்.

ஒரு மளிகைக்கடையை நினைத்துக்கொள்ளுங்கள். கடைக்கு முன்பக்கம் ஒரு கவுன்டர், பக்கவாட்டில் ஒரு கவுன்டர். ரெண்டிலும் பொருள் வாங்கலாம். ஆனால், கடை ஒன்றுதான், முதலாளி ஒருவர்தான், கணக்கு நோட்டும் ஒன்றுதான். ஒரு ஆப்பில் 'நியூ விண்டோ' கொடுப்பது இப்படி இன்னொரு கவுன்டர் திறப்பது மாதிரி. பார்க்க ரெண்டாகத் தெரியும், உள்ளே ஒரே ஆள்தான்.

இன்ஸ்டன்ஸ் என்பது அந்த ஆள். அதாவது, மெமரியில் ஓடிக்கொண்டிருக்கும் அந்த புரோகிராமின் ஒரு பிரதி. ரெண்டு இன்ஸ்டன்ஸ் என்றால் ரெண்டு ஆள். ஒருவர் மயங்கி விழுந்தாலும் மற்றவர் வியாபாரத்தைப் பார்த்துக்கொள்வார்.

புரொஃபைல் என்பது கணக்கு நோட்டு. உங்கள் லாக் இன், செட்டிங்ஸ், ஹிஸ்டரி, டிராஃப்ட் எல்லாம் எழுதி வைக்கப்படும் ஃபோல்டர். உங்களுக்குத் தேவை ரெண்டு அக்கவுன்ட் என்றால், ரெண்டு ஆள் இருந்தால் மட்டும் போதாது. ரெண்டு நோட்டும் வேண்டும்.

இங்கேதான் விஷயமே இருக்கிறது. ரெண்டு பேர் ஒரே நோட்டில், ஒரே பக்கத்தில், ஒரே நேரத்தில் எழுதினால் என்ன ஆகும்? ஒருவர் எழுதியதை மற்றவர் அடித்து எழுதுவார். கூட்டல் தப்பும். ஆப்பிலும் அதே கதைதான். ஒரே ஃபோல்டரில் ரெண்டு இன்ஸ்டன்ஸ் கட்டுப்பாடில்லாமல் எழுதினால் மெசேஜ் காணாமல் போகலாம், டேட்டாபேஸே கெட்டுப்போகலாம்.

அதைத் தடுக்கத்தான் பல ஆப்கள் திறந்த உடனே ஒரு பூட்டைப் போட்டுவிடுகின்றன. விண்டோஸில் 'மியூட்டெக்ஸ்' என்று ஓர் அடையாளத்தை உருவாக்கி வைப்பது வழக்கம். லினக்ஸிலும் மேக்கிலும் பெரும்பாலும் புரொஃபைல் ஃபோல்டருக்குள் ஒரு லாக் ஃபைல் போட்டு வைப்பார்கள். ரெண்டாவது முறை திறக்கும்போது, 'ஏற்கெனவே ஆள் இருக்கிறார்' என்று தெரிந்துகொண்டு, புது பிரதி தானாக விலகி, பழைய விண்டோவை முன்னால் தள்ளிவிடும். 'ஃபயர்ஃபாக்ஸ் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது, ஆனால் பதில் சொல்லவில்லை' என்ற மெசேஜைப் பார்த்திருக்கிறீர்களா? அந்தப் பூட்டின் வேலைதான் அது. ஒரே பிரவுசரில் ரெண்டு டேபில் வாட்ஸ்அப் வெப் திறந்தால், 'வேறு விண்டோவில் திறந்திருக்கிறது, இங்கே பயன்படுத்தவா' என்று கேட்பதும் இதே காரணத்தால்தான்.

ஆக, பூட்டை உடைக்க வேண்டியதில்லை. ரெண்டாவது இன்ஸ்டன்ஸுக்குத் தனி நோட்டு கொடுத்தால் போதும். இனி வரும் வழிகள் எல்லாம் இதைத்தான் வெவ்வேறு விதமாகச் செய்கின்றன. ஏன், உங்கள் போனில் இருக்கிற டூயல் ஆப் வசதியே அப்படித்தான். ஜியோமி, சாம்சங் போன்களில் திரைக்குப் பின்னால் இன்னொரு பயனரை உருவாக்கி, ரெண்டாவது வாட்ஸ்அப்பின் டேட்டாவை அங்கே தனியாக வைக்கிறார்கள்.

ஆப்புக்குள்ளேயே வழி இருக்கா, பாருங்க!

பலரும் தாண்டிப் போய்விடுகிற முதல் படி இது. நிறைய ஆப்களில் ரெண்டாவது அக்கவுன்ட் வசதி உள்ளேயே இருக்கிறது. டெலிகிராமில் இலவசமாகவே 3 அக்கவுன்ட் வரை சேர்க்கலாம். ஸ்லாக்கில் பல வொர்க்ஸ்பேஸ்களை ஒரே ஆப்பில் வைத்துக்கொள்ளலாம். டிஸ்கார்டில் அக்கவுன்ட் மாற்றும் வசதி இருக்கிறது. அவுட்லுக், தண்டர்பேர்டு மாதிரி மெயில் ஆப்களில் எத்தனையோ மெயில் ஐடிகளை ஒன்றாகச் சேர்க்கலாம்.

ஆனால், ஒன்று கவனியுங்கள். எல்லாம் ஒரே விண்டோவில் இருந்தால் வசதிதான், தவறுதலாக வேறு ஐடியிலிருந்து அனுப்பும் வாய்ப்பும் அங்கேதான் அதிகம். 'ஃப்ரம்' என்ற இடத்தை அனுப்பும் முன் ஒரு முறை பார்த்துவிடுங்கள். ஆபீஸும் பர்சனலும் கலக்கவே கூடாது என்றால் அடுத்த வழிக்கு வாருங்கள்.

பிரவுசர் புரொஃபைல்: எல்லா லேப்டாப்புக்கும் ஒரே மருந்து

இன்றைக்கு நாம் பயன்படுத்தும் பாதி ஆப்கள் பிரவுசரிலேயே ஓடும். அதனால், பெரும்பாலானவர்களுக்கு இந்த ஒரு வழியே போதும். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் செய்முறை ஒன்றுதான்.

குரோமில் வலது மேல் மூலையில் இருக்கும் உங்கள் படத்தைக் க்ளிக் செய்து, புதிய புரொஃபைல் சேருங்கள். 'ஆபீஸ்' என்று பெயர் வைத்து, ஒரு நிறமும் கொடுங்கள். நிறம் அலங்காரத்துக்கு இல்லை. நீலம் என்றால் ஆபீஸ், பச்சை என்றால் பர்சனல் என்று கண்ணுக்குப் பழகிவிட்டால் பாதி தவறுகள் நின்றுவிடும். எட்ஜ் பிரவுசரிலும் இதே வசதி உண்டு.

ஃபயர்ஃபாக்ஸில் அட்ரஸ் பாரில் 'அபவுட்' என்று ஆங்கிலத்தில் டைப் செய்து, முக்காற்புள்ளி வைத்து, 'புரொஃபைல்ஸ்' என்று சேர்த்து என்டர் தட்டினால் ஒரு பக்கம் திறக்கும். அங்கே புது புரொஃபைல் உருவாக்கி, 'லாஞ்ச் புரொஃபைல் இன் நியூ பிரவுசர்' பட்டனை அழுத்துங்கள். இது உண்மையிலேயே ரெண்டாவது இன்ஸ்டன்ஸ். ஒன்று ஹேங் ஆனாலும் இன்னொன்று ஓடும். அங்கேயே இன்னொரு விஷயம்: ஒவ்வொரு புரொஃபைலின் ஃபோல்டரும் எங்கே இருக்கிறது என்று அந்தப் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள். நாம் சொன்ன 'கணக்கு நோட்டு' அதுதான்.

ரெண்டு வாட்ஸ்அப் நம்பரை லேப்டாப்பில் ஒரே நேரத்தில் திறக்க வேண்டுமா? ஒரு புரொஃபைலில் ஒரு நம்பர், இன்னொரு புரொஃபைலில் இன்னொரு நம்பர் என கியூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள். இல்லையென்றால், ஒரு நம்பரை வாட்ஸ்அப் டெஸ்க்டாப் ஆப்பிலும், மற்றதை பிரவுசரிலும் வைத்துக்கொள்ளலாம். ஓர் அக்கவுன்ட்டோடு 4 டிவைஸ் வரை இணைக்கலாம். வாட்ஸ்அப் திறந்திருக்கும் ஒவ்வொரு புரொஃபைலும் அதில் ஒன்றாகக் கணக்கில் வரும். மெயின் போனை 14 நாள்களுக்கு மேல் பயன்படுத்தாமல் விட்டால் எல்லாம் தானாக லாக் அவுட் ஆகிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

'இதற்கு எதுக்கு புரொஃபைல், இன்காக்னிட்டோ போதாதா?' என்று கேட்கலாம். ஒரே ஒரு கூடுதல் அக்கவுன்ட்டை, கொஞ்ச நேரத்துக்கு மட்டும் திறக்க அது ஓகே. ஆனால், குரோமில் 3 இன்காக்னிட்டோ விண்டோ திறந்தாலும் மூன்றுக்கும் உள்ளே ஒரே நோட்டுதான். ஒன்றில் லாக் இன் செய்தால் மற்றதிலும் அதே அக்கவுன்ட்தான் வரும். எல்லாவற்றையும் மூடினால் லாக் இன்னும் போய்விடும்.

விண்டோஸில் என்னென்ன செய்யலாம்?

விண்டோஸ் இந்த விஷயத்தில் தாராளம். டாஸ்க்பாரில் இருக்கும் ஆப் ஐகானை ஷிஃப்ட் பட்டனை அழுத்திக்கொண்டு க்ளிக் செய்யுங்கள். அந்த ஆப் பூட்டுப் போடாத வகை என்றால் உடனே இன்னொன்று திறக்கும். மவுஸின் நடுச்சக்கரத்தால் க்ளிக் செய்தாலும் இதே பலன்தான். கீபோர்டு பிரியர்களுக்கு: விண்டோஸ் பட்டன், ஷிஃப்ட், டாஸ்க்பாரில் அந்த ஐகான் எத்தனையாவது இடத்தில் இருக்கிறதோ அந்த எண். மூன்றையும் சேர்த்து அழுத்தினால் போதும்.

எக்ஸல் ஆட்களுக்கு ஒரு ஸ்பெஷல் டிப்ஸ். பெரிய ஷீட் ஒன்று கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும்போது, திறந்திருக்கும் மற்ற ஷீட்களும் சேர்ந்து உறைந்துபோவதைப் பார்த்திருப்பீர்கள். 2013 பதிப்பிலிருந்து ஒவ்வொரு ஃபைலும் தனித்தனி விண்டோவில் திறந்தாலும், உள்ளே ஓடுவது ஒரே எக்ஸல்தான். டாஸ்க்பாரில் எக்ஸல் ஐகானை ரைட் க்ளிக் செய்து, ஆல்ட் பட்டனை விடாமல் அழுத்திக்கொண்டு, மெனுவில் எக்ஸல் என்பதைத் தேர்ந்தெடுங்கள். 'புது இன்ஸ்டன்ஸ் தொடங்கவா' என்று கேட்கும் வரை ஆல்ட் பட்டனை விடக் கூடாது. ஆமாம் என்றால் தனி எக்ஸல் ரெடி. ஒன்றில் மேக்ரோ ஓடட்டும், இன்னொன்றில் நீங்கள் வேலையைப் பாருங்கள். அன்டூ கொடுக்கும்போது வேறு ஷீட்டில் போய் மாற்றம் நடக்கிற தொல்லையும் இதில் இருக்காது. ஆனால், ஓர் இன்ஸ்டன்ஸிலிருந்து இன்னொன்றுக்கு க்ளிக் செய்து ஃபார்முலா இணைக்க முடியாது. காப்பி பேஸ்ட்டும் முழு வசதியோடு இருக்காது. அதனால், ஒன்றோடு ஒன்று தொடர்புள்ள ஷீட்களை ஒரே இன்ஸ்டன்ஸில் வைத்துக்கொள்ளுங்கள்.

விஎல்சி பிளேயரில் ரெண்டு வீடியோவைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டுமா? பிரிஃபரன்ஸஸில் இன்டர்ஃபேஸ் பகுதிக்குப் போனால், ஒரே ஒரு இன்ஸ்டன்ஸை மட்டும் அனுமதிக்கும் ஆப்ஷன் இருக்கும். அதில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். பக்கத்தில், ஃபைல் மேனேஜரிலிருந்து திறக்கும்போது ஒரே இன்ஸ்டன்ஸ் என்றும் ஒன்று இருக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

புரொஃபைல் மெனு போதாது, குரோமையே முழுசாக ரெண்டாகப் பிரிக்க வேண்டும் என்பவர்களுக்கும் வழி உண்டு. டெஸ்க்டாப்பில் குரோம் ஷார்ட்கட்டைக் காப்பி எடுத்து, பிராப்பர்ட்டீஸுக்குப் போங்கள். டார்கெட் கட்டத்தின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு, ரெண்டு ஹைஃபன், பிறகு 'யூசர்', 'டேட்டா', 'டி.ஐ.ஆர்' ஆகிய மூன்றையும் ஹைஃபனால் இணைத்து ஆங்கிலச் சின்ன எழுத்தில் எழுதி, சமக்குறி போட்டு, புது ஃபோல்டரின் முகவரியைக் கொடுங்கள். முகவரியில் இடைவெளி இருந்தால் மேற்கோள்குறிக்குள் போட வேண்டும். விஎஸ் கோடு எடிட்டரும் இதே குறிப்பைப் புரிந்துகொள்ளும்.

கடைசியாக, இன்னொரு ஆளாகவே ஓட்டுவது. விண்டோஸில் வேறொரு யூசர் அக்கவுன்ட் உருவாக்குங்கள். பிறகு, ஆப்பின் ஃபைலை ஷிஃப்ட் அழுத்திக்கொண்டு ரைட் க்ளிக் செய்தால், 'ரன் அஸ் டிஃபரன்ட் யூசர்' என்று வரும். அந்த அக்கவுன்ட்டுக்கு பாஸ்வேர்டு கட்டாயம் இருக்க வேண்டும், இல்லையென்றால் விண்டோஸ் மறுத்துவிடும். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து இறக்கிய ஆப்களுக்கு இந்த வழி சரிப்பட்டு வராது.

மேக்கில் ஏன் பிடிவாதம்?

மேக்கில் டாக்கில் இருக்கும் ஐகானை எத்தனை முறை க்ளிக் செய்தாலும் திறந்திருக்கும் ஆப்தான் முன்னால் வரும். இது பழைய வழக்கம். 1984-ல் வந்த முதல் மேக்கின்டாஷில் ஒரு நேரத்தில் ஒரு புரோகிராம்தான் ஓடும். 1987-ல் வந்த மல்ட்டிஃபைண்டரில் பல புரோகிராம்களை ஒன்றாகத் திறக்க முடிந்தது. அப்போதும் 'ஒரு ஆப், அதற்குள் பல விண்டோ' என்ற எண்ணமே நிலைத்துவிட்டது. அதனால்தான் மேக்கில் எல்லா விண்டோவையும் மூடினாலும் ஆப் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கிறது. பல நேரம் உங்களுக்குத் தேவை, கமாண்ட் பட்டனோடு என் எழுத்தை அழுத்தித் திறக்கும் ஒரு புது விண்டோதான்.

உண்மையிலேயே ரெண்டாவது இன்ஸ்டன்ஸ் வேண்டுமென்றால் டெர்மினலைத் திறக்க வேண்டும். 'ஓப்பன்' என்று டைப் செய்து, இடைவெளி, ஹைஃபன் என், இடைவெளி, ஹைஃபன் ஏ, இடைவெளி, ஆப்பின் பெயர். எல்லாம் ஆங்கிலத்தில், ஹைஃபனோடு வரும் எழுத்துகள் சிறியவை. பெயரில் ரெண்டு சொல் இருந்தால் மேற்கோள்குறிக்குள் போடுங்கள். என்டர் தட்டினால் டாக்கில் அச்சு அசலாக அதே ஐகான் இன்னொன்று முளைக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இந்தக் கட்டளை புது ஆளைக் கொடுக்கும், புது நோட்டைக் கொடுக்காது. கால்குலேட்டர், வீடியோ பிளேயர் மாதிரி ஆப்களுக்குப் பிரச்னை இல்லை. மெசேஜ், நோட்ஸ், போட்டோ லைப்ரரி மாதிரி டேட்டா வைத்திருக்கும் ஆப்களை இப்படித் திறக்காதீர்கள். ஆப்பையே காப்பி எடுத்து வேறு பெயர் வைத்தால் தனியாகிவிடும் என்று சிலர் நினைப்பார்கள். ஆப் ஸ்டோர் ஆப்களுக்கு அது பலிக்காது. ஆப்புக்குள் பதிந்திருக்கும் அடையாளத்தை வைத்துத்தான் மேக் அதன் டேட்டா ஃபோல்டரைத் தீர்மானிக்கும். பெயரை மாற்றினாலும் அந்த அடையாளம் மாறாது. இந்த மாதிரி ஆப்களுக்கு மேக்கில் இன்னொரு யூசரை உருவாக்கி, 'ஃபாஸ்ட் யூசர் ஸ்விட்ச்சிங்' மூலம் மாறிக்கொள்வதே சரி.

லினக்ஸ் ஆட்களுக்கு

உபுண்டு மாதிரி க்னோம் டெஸ்க்டாப்பில் ஐகானை நடுச்சக்கரத்தால் க்ளிக் செய்தாலோ, கன்ட்ரோல் பட்டனோடு க்ளிக் செய்தாலோ புது விண்டோ திறக்கும். ஆனால், க்னோமுக்காக எழுதப்பட்ட பல ஆப்கள், 'நான் ஒருவன்தான்' என்று சிஸ்டத்தில் பெயரைப் பதிவு செய்துகொள்ளும். அவற்றில் கிடைப்பது இன்னொரு கவுன்டர்தான், இன்னொரு ஆள் இல்லை.

தனி நோட்டு வேண்டுமென்றால் டெர்மினல்தான் கைகொடுக்கும். ஃபயர்ஃபாக்ஸ் என்று எழுதி, ஹைஃபனும் பெரிய பி எழுத்தும் சேர்த்தால் எந்த புரொஃபைல் வேண்டும் என்று கேட்கும். குரோம், குரோமியம் ரெண்டுக்கும் விண்டோஸ் பகுதியில் சொன்ன அதே குறிப்பு இங்கேயும் செல்லும். மின்சாரம் போய் லேப்டாப் திடீரென அணைந்த பிறகு, 'புரொஃபைல் வேறு இடத்தில் பயன்பாட்டில் இருக்கிறது' என்று குரோம் அடம்பிடித்தால் பயப்பட வேண்டாம். பழைய லாக் ஃபைல் நீங்காமல் இருக்கலாம். முதலில் குரோம் உண்மையில் எங்கும் ஓடவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே அதை நீக்குங்கள்.

ஒரே லேப்டாப்பில் விண்டோஸ், லினக்ஸ் ரெண்டும் வைத்திருப்பவர்கள், இடம் மிச்சம் பிடிக்க ஒரே ஃபயர்ஃபாக்ஸ் புரொஃபைல் ஃபோல்டரை ரெண்டுக்கும் காட்டுவார்கள். ஒரு பக்கம் புது பதிப்பு, இன்னொரு பக்கம் பழைய பதிப்பு என்றால், புது பதிப்பு தொட்ட புரொஃபைலைப் பழையது திறக்க மறுத்துவிடும். புரொஃபைல் ஃபோல்டரை டிராப்பாக்ஸ், ஒன்டிரைவ் மாதிரி இடங்களில் போட்டு ரெண்டு கம்ப்யூட்டரில் திறப்பதும் இதே ஆபத்துதான். அங்கே பூட்டு வேலை செய்யாது, நோட்டு கிழிந்துவிடும். அதற்கு பிரவுசரிலேயே இருக்கும் சிங்க் வசதியைப் பயன்படுத்துங்கள்.

தனி புரொஃபைல் இருக்கு, பூட்டு இருக்கா?

இதுவரை சொன்னதெல்லாம் வசதிக்காக. இனி சொல்வதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

பிரவுசர் புரொஃபைல் என்பது பீரோவில் இருக்கும் தனித்தனி அடுக்கு மாதிரி. அக்காவின் அடுக்கு, தம்பியின் அடுக்கு என்று பிரித்து வைக்கலாம். ஆனால், பீரோ திறந்திருந்தால் யார் வேண்டுமானாலும் எந்த அடுக்கிலும் கை வைக்கலாம். குரோமில் உங்கள் புரொஃபைலை யாராவது ஒரு க்ளிக்கில் திறந்தால், உங்கள் மெயில், சேவ் செய்த கார்டு விவரம், ஹிஸ்டரி எல்லாம் அவர்கள் முன்னால்.

வெளி ஆபத்தும் இருக்கிறது. 'பர்சனல் புரொஃபைலில்தானே டவுன்லோடு செய்கிறோம்' என்று ஒரு கிராக் சாஃப்ட்வேரை இறக்கி ஓட்டினால், அது புரொஃபைலுக்குள் அடங்கி இருக்காது. அதே விண்டோஸ் யூசருக்குச் சொந்தமான எல்லா ஃபோல்டரையும் அதனால் படிக்க முடியும். ஆபீஸ் புரொஃபைலில் இருக்கும் லாக் இன் குக்கீகளும் அதில் அடக்கம். குக்கீ கையில் கிடைத்துவிட்டால் பல தளங்களில் பாஸ்வேர்டோ, ஓடிபியோ இல்லாமலே உள்ளே நுழைந்துவிடலாம். பிரவுசர் எக்ஸ்டென்ஷன்கள் மட்டும், போட்ட புரொஃபைலோடு நின்றுகொள்ளும். அதனால் சந்தேகமான எக்ஸ்டென்ஷனை ஆபீஸ் பக்கம் சேர்க்கவே சேர்க்காதீர்கள்.

உண்மையான பூட்டு வேண்டுமென்றால் சிஸ்டம் அளவில் தனி யூசர் அக்கவுன்ட்தான். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுமே ஒரு யூசரின் ஃபோல்டர்களை இன்னொரு சாதாரண யூசர் படிக்காதபடி தடுக்க முடியும். இதில் 'சாதாரண' என்ற சொல் முக்கியம். அட்மின் உரிமை உள்ளவர் நினைத்தால் எல்லாவற்றையும் திறக்கலாம். அதனால் வீட்டு லேப்டாப்பில் ஒருவரை மட்டும் அட்மினாக வைத்து, மற்ற எல்லோருக்கும் ஸ்டாண்டர்டு அக்கவுன்ட் போடுங்கள். ஆளுக்கொரு பாஸ்வேர்டு கட்டாயம். ஒரு நாளைக்கு 2 தடவை யூசர் மாறுவது பெரிய வேலை இல்லை. ஆபீஸ் ஃபைல் வெளியே போய் வேலைக்கே பிரச்னை வருவதைவிட இது எவ்வளவோ மேல்!

நண்பர் 'ஒரு நிமிஷம் மெயில் பார்த்துக்கிறேன்' என்று லேப்டாப்பைக் கேட்டால்? குரோமில் கெஸ்ட் விண்டோ திறந்து கொடுங்கள். உங்கள் விவரம் எதுவும் அதில் தெரியாது, மூடியதும் அவர் விவரமும் போய்விடும். நம்பிக்கை இல்லாத சாஃப்ட்வேரைச் சோதித்தே ஆக வேண்டுமென்றால், விண்டோஸ் புரோ பதிப்பில் 'விண்டோஸ் சாண்ட்பாக்ஸ்' இருக்கிறது. மூடிய உடனே உள்ளே நடந்தது எல்லாம் அழிந்துவிடும். ஹோம் பதிப்பில் அது கிடையாது. 2020-ல் ஓப்பன் சோர்ஸாக மாறிய சாண்ட்பாக்ஸி இன்னொரு வாய்ப்பு.

ரேம் தாங்குமா?

ஒவ்வொரு இன்ஸ்டன்ஸும் தனியாக மெமரி எடுக்கும். 8 ஜிபி ரேம் இருக்கும் லேப்டாப்பில் ரெண்டு பிரவுசர், ரெண்டு எக்ஸல், ஒரு வீடியோ மீட்டிங் என்று ஓட்டினால் ஃபேன் கத்த ஆரம்பித்துவிடும். விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். மேக்கில் ஆக்டிவிட்டி மானிட்டர், உபுண்டுவில் சிஸ்டம் மானிட்டர். அங்கே குரோம் என்று 20 வரி இருந்தால் 20 இன்ஸ்டன்ஸ் ஓடுகிறது என்று அர்த்தம் இல்லை. 2008-ல் வந்த நாளிலிருந்தே குரோம் தன் வேலையைப் பல துண்டுகளாகப் பிரித்துத்தான் ஓட்டுகிறது. ஒரு டேப் விழுந்தாலும் மற்றவை தப்பிக்கத்தான் இந்த ஏற்பாடு. வேலை முடிந்த புரொஃபைலை மூடிவிடுங்கள், லேப்டாப் பெருமூச்சு விடும்.

இதையெல்லாம் தொடாதீங்க!

'ஒரே க்ளிக்கில் 10 வாட்ஸ்அப்' என்று வரும் பெயர் தெரியாத டூல்களும், மாற்றி எழுதப்பட்ட வாட்ஸ்அப் வகைகளும் வேண்டவே வேண்டாம். அதிகாரபூர்வமில்லாத ஆப்களைப் பயன்படுத்தினால் அக்கவுன்ட்டைத் தடை செய்வோம் என்று வாட்ஸ்அப்பே சொல்கிறது. அதைவிட, உங்கள் மெசேஜ் அத்தனையும் யார் கையில் போகிறது என்பதே தெரியாது. ஆன்லைன் கேம்களிலும் ஒரே நேரத்தில் பல அக்கவுன்ட் ஓட்டுவதைச் சில நிறுவனங்கள் தடை செய்திருக்கின்றன. விதியைப் படித்துவிட்டு இறங்குங்கள். ஆபீஸ் கொடுத்த லேப்டாப்பில் எதைச் செய்வதாக இருந்தாலும் முதலில் ஐ.டி டீமிடம் கேட்டுவிடுங்கள்.

சுருக்கமாக... எதற்கு எது?

* ரெண்டு ஃபைலைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க: புது விண்டோ போதும்.
* ஒன்று ஹேங் ஆனாலும் இன்னொன்று ஓட வேண்டும்: தனி இன்ஸ்டன்ஸ். விண்டோஸில் ஷிஃப்ட் க்ளிக், எக்ஸலுக்கு ஆல்ட், மேக்கில் டெர்மினல்.
* ஒரே ஆளுக்கு ரெண்டு அக்கவுன்ட்: தனி புரொஃபைல். வேறு வேறு நிறத்தில்.
* ஒரே லேப்டாப்பில் ரெண்டு ஆள்: தனி யூசர் அக்கவுன்ட், தனி பாஸ்வேர்டு.
* கொஞ்ச நேரத்துக்கு யாருக்காவது கொடுக்க: கெஸ்ட் விண்டோ.
* நம்பிக்கை இல்லாத சாஃப்ட்வேர்: சாண்ட்பாக்ஸ், இல்லையென்றால் இன்ஸ்டால் செய்யாமல் இருப்பதே நல்லது.

இதைப் படித்து முடித்ததும் ஒரு 2 நிமிஷம் ஒதுக்குங்கள். போனில் வாட்ஸ்அப்பைத் திறந்து, 'லிங்க்டு டிவைசஸ்' பட்டியலைப் பாருங்கள். எப்போதோ யாருடைய லேப்டாப்பிலோ ஸ்கேன் செய்தது, பழைய ஆபீஸ் சிஸ்டம், விற்றுவிட்ட லேப்டாப் என்று ஏதாவது அங்கே உட்கார்ந்திருந்தால், உடனே லாக் அவுட் கொடுங்கள். ரெண்டாவது இன்ஸ்டன்ஸ் திறப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்!